விட்டுவிட்டா, விடாமலா?

சென்ற மாதம் நம் சங்கத்தில் லேசர் பற்றிப் பேசும்போது, தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய குறைகடத்திக் கம்பிகூட லேசராக ஒளிரும் என்றேன். முன்வரிசையில் இருந்த பள்ளி மாணவி எழுந்து, "அது விட்டுவிட்டு எரியுமா, விடாம எரியுமா மாமா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஆனால் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. பதில் இதோ.

அமெரிக்காவில் பெர்க்கிலி ஆய்வாளர்கள் 2001-இல் துத்தநாக ஆக்சைடு நானோ கம்பிகளில் அறை வெப்பநிலையிலேயே லேசர் ஒளியைப் பெற்றார்கள். தனியாகக் கண்ணாடி எதுவும் வைக்கவில்லை. கம்பியின் இரு முனைகளே கண்ணாடிகளாகி ஒளியை முன்னும் பின்னும் திருப்பின. ஆனால் கம்பிக்கு ஊட்டிய ஒளி மிகக் குறுகிய துடிப்புகள்தான். அதாவது, விட்டுவிட்டு!

காரணம் சூடு. மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டினால் இடையில் ஆறும். நிறுத்தாமல் ஓட்டினால் காந்தும். கம்பி சூடேறினால் ஒளியைப் பெருக்கும் திறன் குறையும். அதை ஈடுகட்ட அதிக ஆற்றல் ஊட்டினால் சூடு மேலும் ஏறும். 2013-இல் ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் கேட்மியம் சல்பைடு கம்பியை விடாமல் ஒளிர வைத்தார்கள். அது தாங்கியது 120 கெல்வின் வரைதான். நம் கணக்கில், பூஜ்யத்துக்குக் கீழே 153 டிகிரி செல்சியஸ்!

குறைந்த ஆற்றலிலேயே லேசர் தொடங்கினால் சூடும் குறையும் அல்லவா? அதற்கு ஒரு வழி, ஒளியையும் பொருளையும் இறுகப் பிணைப்பது. வீட்டிலேயே பார்க்கலாம். கொடிக்கயிற்றில் சம நீள நூல்களில் இரண்டு பூட்டுகளைத் தொங்கவிட்டு ஒன்றை மட்டும் ஆட்டுங்கள். சற்று நேரத்தில் அது ஓயும், மற்றது ஆடும். பிறகு ஆட்டம் திரும்பி வரும். கம்பிக்குள் ஒரு பூட்டு ஒளி. மற்றொன்று எக்ஸிட்டான், எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமும் சேர்ந்த ஜோடி. ஆற்றல் வெளியே கசியுமுன் இவ்விரண்டுக்கும் இடையே கைமாறிக்கொண்டே இருந்தால், இரண்டும் கலந்த 'போலரிட்டான்' பிறக்கிறது. போலரிட்டான்கள் ஒரே நிலையில் திரளும் இயல்புடையவை. ஆகவே குறைந்த ஆற்றலிலும் லேசர் போன்ற சீரான ஒளியைத் தரமுடியும். 2018-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் குளிரூட்டிய சீசியம் லெட் புரோமைடு கம்பிகளில் தொடர் லேசரைக் கண்டபோது, போலரிட்டானே காரணம் என்று கருதினார்கள்.

சாதாரணக் குறைகடத்தி லேசரும் 1962-இல் திரவ நைட்ரஜன் குளிரில், துடிப்பாகத்தான் பிறந்தது. 1970-இல்தான் லெனின்கிராடிலும் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலும் அறை வெப்பநிலையில் விடாமல் எரிந்தது. சிடி பிளேயர் நம் வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகே.

ஆகவே, குழந்தாய், இரண்டு விதமாகவும் எரியும். விடாமல் எரிய வைப்பதுதான் கஷ்டம். அடுத்த கூட்டத்துக்கு நான் இரண்டு பூட்டுகளோடு வருகிறேன்.