உங்களுக்கு எந்த வகைக் கண் அழுத்தம்?

"எனக்கு பி.பி. நார்மல்தானே சார், கண்ணுல எப்படி பிரஷர்?" கண் முகாம்களில் அழுத்தம் அளக்கும் வேலையில் இருந்த என்னிடம் பலரும் கேட்ட கேள்வி இது. கண் அழுத்தம் வேறு, ரத்த அழுத்தம் வேறு.

கண்ணுக்குள் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்து மூலையில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வெளியேறுகிறது. வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு நசியும். அதுதான் கிளாக்கோமா. ஏன் அடைபட்டது என்பதைப் பொறுத்தே வகை மாறும்.

மூலை திறந்திருந்தும் சல்லடை மந்தமாகிவிடுவது ஒரு வகை. வலியே இருக்காது. பக்கப் பார்வைதான் முதலில் போகும். எதிரே இருப்பது தெரிவதால் ஆள் சுதாரிப்பதில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மூலையே மூடிக்கொள்வது இன்னொன்று. ஆசியர்களிடம், அதிலும் பெண்களிடம் இது அதிகம். சில சமயம் திடீரெனக் கண் சிவந்து, தலை பிளக்கும், வாந்தி வரும், பல்பைச் சுற்றி வானவில் தெரியும். பித்தம் என்று கஷாயம் குடித்துக் காத்திருந்தால் பார்வையே போய்விடலாம்.

முற்றிய புரை, கட்டுப்படாத சர்க்கரை, கண்ணில் பட்ட அடி ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றும். கண் அரிப்புக்கு மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் அப்படித்தான்.

கைக்குழந்தைக்கும் வரும். "எம் பேத்திக்கு மான் விழி" என்று பாட்டி பூரிக்கும் பெரிய கண்ணில் நீர் வடிந்து, வெளிச்சம் பட்டால் கூசினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த அபாயம் கூடுதல்.

அழுத்தம் 10 முதல் 21 வரை இயல்பு என்பார்கள். ஆனால் அதற்குள் இருந்தும் நரம்பு கெடும் வகை உண்டு. ஆகவே அழுத்தம் பார்த்ததோடு எழுந்து வந்துவிடாதீர்கள். நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம். எந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூலை குறுகலானவர்களுக்குச் சில சளி மாத்திரைகூட ஆகாது. மருந்துக் கடையில் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.