அனுமதிப்பத்திரம் கிடைக்காத 2,000 ரூபா கார்

1952 இல் கோயம்புத்தூரில் இரண்டு பேர் அமரக்கூடிய சிறிய பெற்றோல் கார் ஒன்று உருவானது. விலை 2,000 ரூபா என்றார் அதைச் செய்த ஜி. டி. நாயுடு. ஆனால் அந்தக் கார் விற்பனைக்கு வரவேயில்லை.

நாயுடு பொழுதுபோக்குக்குக் கார் செய்தவரல்ல. 1893 இல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் படித்தார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரேயொரு பஸ் ஓட்டத் தொடங்கியவர், பின்னர் பெரிய பஸ் நிறுவனத்தின் சொந்தக்காரர் ஆனார். 1937 இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டாரும் செய்தார்.

அப்படியானால் காரை மறித்தது எது? இந்தியாவின் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டம் 1951 இல் நிறைவேறி, 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பட்டியலிடப்பட்ட தொழில்களில் புதிய தொழிற்சாலை தொடங்க டெல்லியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரும்பும் கட்டுப்பாட்டில் இருந்தது. நாயுடுவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அந்நியச் செலாவணி குறைவு, சந்தை சிறிது, அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது என்ற அக்கால வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் ஹிந்துஸ்தான், பிரிமியர், ஸ்டாண்டர்ட் போன்றவை ஏற்கெனவே உள்ளே இருந்தன. கதவு மூடியது புதிதாக வந்தவருக்குத்தான்.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஜோர்ஜ் செல்டன் என்ற சட்டத்தரணி 1879 இல் காருக்குக் காப்புரிமை கேட்டு, 1895 இல் பெற்றார். அவர் வரைந்த கார் சந்தைக்கு வரவில்லை. அந்த வரைபடத்தின்படி வண்டி செய்யப்பட்டதே பின்னாளில் நீதிமன்றத்துக்குக் காட்டத்தான். ஆனாலும் மற்றக் கார் நிறுவனங்கள் அந்தப் பத்திரத்துக்காகப் பணம் கட்டின. மறுத்த ஹென்றி ஃபோர்ட் 1909 இல் தோற்று, 1911 இல் மேன்முறையீட்டில் வென்றார்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். யுத்த காலத்தில் படுவான்கரைக்கு எரிபொருளோ பற்றரியோ கொண்டுபோக அனுமதி வேண்டியிருந்தது. மண்முனைத் துறையில் வாகனத்தோடு பாதைக்குக் காத்து நின்ற நேரத்தைவிட, அந்தத் துண்டுக்காக நின்ற நேரம் அதிகம். கைத்திறனுக்கு அப்போதும் பஞ்சமில்லை. பொருளாதாரத் தடைக்குள் வடக்கில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்ததும் நம் மெக்கானிக்குகள்தான்.

சிறிய காருக்கான அனுமதியை இந்திய அரசு 1970 இல் கொடுத்தது. பெற்றவர் பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி. அவர் தொடங்கிய மாருதி நிறுவனமும் அவர் காலத்தில் மக்களுக்குக் கார் கொடுக்கவில்லை. அரசு அதைப் பொறுப்பேற்று, ஜப்பானின் சுசுகியுடன் சேர்ந்த பிறகு, 1983 டிசம்பரில்தான் முதல் மாருதி 800 கையளிக்கப்பட்டது. நாயுடு இறந்து அப்போது ஏறத்தாழப் பத்து வருடங்கள்.