பழைய மோட்டார் சைக்கிளும் பின்சக்கர டயரும்

பிழைப்பின் பொருட்டுப் பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் பலருடைய வீடுகளில், தந்தையோ தாய்மாமனோ ஓட்டிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று சொந்த ஊர்க் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நிற்பது உண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அதை மீண்டும் ஓட்டிப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. அவ்வாசை தீங்கில் முடியாதிருக்க வேண்டுமானால், முதலில் கவனிக்க வேண்டியது பின்சக்கரத்தின் டயர் ஆகும்.

எங்கள் ஊர் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், கேரளமும் தமிழ்நாடும் சந்திக்கும் கடற்கரையில் அமைந்தது. ஆறு கடலோடு கலக்கும் வாயைப் பொழி என்பது இப்பக்கத்து வழக்கு. கரையில் மணல், சற்று உள்ளே சென்றால் செம்பாறைக் கல்லும் ஏற்ற இறக்கமும் நிறைந்த ஒழுங்கைகள், மழைக்காலத்தில் கல்லின் மேல் பாசி. சில ஆண்டுகளுக்கு முன் என் தமையனார் வெளிமாநிலத்திலிருந்து வந்து, நெடுநாள் நின்றிருந்த வண்டிக்குக் காற்று மட்டும் அடித்து, மகனைப் பின்னால் அமர்த்திப் பாறசாலைக்குப் புறப்பட்டார். டயரின் பட்டன்கள் தேயாமல் புதியவை போலவே இருந்தன. ஆயினும் பாதி வழியில் அதன் பக்கச்சுவர் கிழிந்து, இருவரும் சாலையில் விழுந்தனர். பையனின் முன்கை எலும்பு முறிந்தது. தேயாத டயர் நல்ல டயர் என்ற நம்பிக்கையே அன்று அவர்களைக் கீழே தள்ளியது.

ரப்பர் ஓடினால் தேயும். ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் அதன் நெகிழ்ச்சியைச் சிறிது சிறிதாக அழிக்கின்றன. காற்றிறங்கிய டயரின் மேல் வண்டியின் பாரம் ஆண்டுக்கணக்கில் நின்றால், மடிந்த இடத்தில் உள்ளிழைகளும் நலிகின்றன. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். இந்த நான்கிலக்க முறை 2000ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் அதற்கும் முந்தியது. எவ்வளவு அழகாயிருந்தாலும் அதைக் கழற்றிவிடுவதே முறை.

இனி, எந்த டயரை வாங்குவது என்பதைக் காண்போம். புல்லட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இங்கிலாந்தில் டிரயல்ஸ் எனப்படும் போட்டியில் அது பெயர் பெற்றது. இது வேகப் போட்டி அன்று. பாறை, ஓடை, சேறு, செங்குத்தான மேடு ஆகியவற்றின் மீது காலைத் தரையில் ஊன்றாமல் வண்டியை மெல்ல ஏற்றிச் செல்லும் திறமைப் போட்டி. ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம். முற்றிலும் தவறினால் ஐந்து. ஜானி பிரிட்டன் என்னும் வீரர் 350 சி.சி. புல்லட்டில் ஏறி, ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை 1952இலும் 1957இலும் வென்றார். 1955இல் சென்னைத் திருவொற்றியூரில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, அதே இன வண்டி நம் நாட்டுக்கு உரியதாயிற்று. எம்.ஆர்.எப். நிறுவனமும் 1946இல் அதே திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதே. இன்று பழைய புல்லட்டை டிரயல்ஸ் கோலத்தில் அமைத்து மலைப்பாதையில் ஓட்ட விரும்புவோர் நம்மிடையிலும் உள்ளனர். அவர்களுக்கு முதலில் எழும் கேள்வி பின்டயரைப் பற்றியதுதான். எஞ்சினின் வலிமை முழுவதும் நிலத்தைப் பற்றுவது அங்கேயல்லவா?

டிரயல்ஸ் டயரின் பட்டன்கள் சிறியவை, சதுரமானவை, நெருங்கி அமைந்தவை. சேற்றுப் பந்தய டயரிலோ அவை உயரமாகவும் விலகியும் இருக்கும். அத்தகைய டயர் சேற்றைக் கவ்வும். பாறை மேல் அதன் முனைகள் மட்டுமே பட்டு வளைந்து வழுக்கும். டிரயல்ஸ் டயரின் மென்மையான பக்கச்சுவரோ, குறைந்த காற்றில் கல்லின் வடிவத்துக்கேற்ப மடிந்து அதைத் தழுவிக்கொள்ளும். செம்பாறை ஒழுங்கைக்கு இதுவே ஏற்றது. கடற்கரை உலர் மணலில் மட்டும் எந்தப் பட்டனும் பெரிதும் உதவாது. அங்கே அகலமும் குறைந்த காற்றுமே துணை.

அடுத்தது அளவு. 4.00–19 என்றால் டயரின் அகலம் 4 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம். பழைய ஆங்கில வண்டிகளின் பின்சக்கரம் பெரும்பாலும் 19 அங்குலமே. ஆனால் பிற்கால டிரயல்ஸ் வண்டிகளில் 4.00–18 அளவே நிலைபெற்றுவிட்டதால், 19 அங்குல டிரயல்ஸ் டயரைச் செய்வோர் சிலரே. ஆகவே உரிமையாளர்முன் இரண்டு வழிகள் உள்ளன. பழைய ரிம்மை அப்படியே காத்து, கிடைக்கும் சில டயர்களுள் ஒன்றைத் தேர்வது ஒன்று. பழைய நடுக்குடத்திலேயே 18 அங்குல ரிம்மைப் புதிய கம்பிகளால் கோப்பது மற்றொன்று.

இரண்டாம் வழியில் டயர் வகைகள் பல கிடைக்கும். ஆயின் சக்கரத்தின் வெளிவிட்டம் ஏறத்தாழ 27 அங்குலத்திலிருந்து 26 ஆகக் குறையும். வண்டியின் பின்புறம் அரை அங்குலம் தாழும். ஒரு சுற்றுக்குச் செல்லும் தூரம் நூற்றுக்கு நான்கு பங்கு குறைவதால், மெதுவாக ஏறுவதற்கு அது நன்மையே. புல்லட்டின் வழக்கமான 3.25 அல்லது 3.50 அங்குல டயர் இருந்த இடத்தில் 4 அங்குல டயரைப் பொருத்துமுன், பின்தாங்கு கரங்களிலும் சங்கிலியிலும் மட்கார்டிலும் உரசாதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ரிம்மும் அதற்கேற்ற அகலமுடையதாயிருத்தல் நலம், 2.15 அங்குல அகலமுடைய டபிள்யூ.எம்.3 ரிம் இதற்கு உரியது. ஒடுங்கிய ரிம் டயரை நெருக்கி, அதன் முகத்தை உருண்டையாக்கிவிடும்.

இக்காலத்து டிரயல்ஸ் வண்டி ஏறத்தாழ 70 கிலோ எடையே உள்ளது. அதில் பின்டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 5 பவுண்டு காற்றுப் போதும். சாலைக்குரிய புல்லட்டோ 160 கிலோவுக்கும் மேற்பட்டது. அதே காற்றோடு கல்லில் மோதினால் ரிம் நெளியும், டியூப் கடிபடும். ஆகவே கனமான வண்டிக்குச் சற்றுக் கூடுதலான காற்றில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. குறைந்த காற்றில் டயர் ரிம்மின்மேல் நழுவி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடவும் கூடும். இதைத் தடுக்க, டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு ஒன்றை உள்ளே பொருத்த வேண்டும்.

இவையனைத்துக்கும் மேலாக நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: இவ்வண்டி எங்கே ஓடப்போகிறது? பாறையில் மட்டுமெனில் மென்மையான போட்டி டயர் தகும். சாலையிலும் செல்லவேண்டுமெனில், பிரெல்லி எம்.டி.43 போன்ற, சற்றுக் கடினமான, சாலை வேகத்துக்கும் உரிய டிரயல்ஸ் டயரைத் தேர்ந்து, சாலைக்கு ஏறுமுன் காற்றை உரிய அளவுக்கு உயர்த்த வேண்டும். மனைவி மக்களோடு கடைத்தெருவுக்குச் செல்வதே நோக்கமெனில், டிரயல்ஸ் டயரே வேண்டாம். நல்ல சாலை டயர் போதும்.

என் தமையனார் இந்த மூன்றாவது வழியைத்தான் கொண்டார். தந்தையார் காலத்து 19 அங்குல ரிம் அப்படியே இருக்கிறது. டயரும் டியூபும் புதியவை. பையனின் கையும் நன்றாகக் கூடிவிட்டது. இப்போது விடுமுறையில் வந்தவுடன், சாவியைக் கேட்பதற்கு முன் அவனே குனிந்து அந்த நான்கு இலக்கங்களைப் படித்துப் பார்க்கிறான்.