நான்கு உள்ளங்கை ரப்பர்



கார் பந்தயம் என்றாலே நம்ம வகுப்புப் பசங்க என்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம், என்ன விலை என்றுதான் சண்டை போடுவார்கள். டயரைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை. ஆனால் டயர் சரியில்லை என்பதற்காகவே 14 பந்தயக் கார்கள் ஓடாமல் நின்றுபோன கதை உங்களுக்குத் தெரியுமா?

2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் என்ற இடத்தில் ஃபார்முலா 1 பந்தயம். மொத்தம் 20 கார்கள். அவற்றில் 14 கார்களில் மிஷலின் டயர், 6 கார்களில் பிரிட்ஜ்ஸ்டோன் டயர். அந்தப் பாதையின் சாய்வான கடைசி வளைவில் மிஷலின் டயர்கள் தாங்காது என்று பயிற்சியின்போதே தெரிந்துவிட்டது. அதனால் அந்த 14 கார்களும் பந்தயம் தொடங்கும் முன் ஒரு சுற்று வந்துவிட்டு, அப்படியே கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. மீதி 6 கார்கள் மட்டும் ஓடின. அதில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா 1-இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

அன்றைக்கு நின்றுபோன கார்களில் என்ஜின் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. டயர்தான் சரியில்லை. டயருக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று இப்போது பார்ப்போம்.

டயரின் வேலை என்ன?

ஒரு கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். ஆக, நான்கு உள்ளங்கை ரப்பர். கிளம்புவது, திரும்புவது, நிற்பது எல்லாமே அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும்.

நியூட்டனின் முதல் விதி நமக்குத் தெரியும். ஓடுகிற பொருள் நேராகத்தான் போகப் பார்க்கும். வளைவில் காரைத் திருப்ப மையநோக்கு விசை வேண்டும். அந்த விசையைக் கொடுப்பது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற உராய்வு. வேகம் இரண்டு மடங்கானால் அதே வளைவுக்கு நான்கு மடங்கு விசை வேண்டும். உராய்வு போதவில்லை என்றால் கார் வழுக்கிக்கொண்டு நேராகப் போய்விடும். ஸ்போர்ட்ஸ் கார் வளைவிலும் வேகமாகப் போவதற்கென்றே செய்யப்பட்டது. அதனால் டயரில் சின்னக் குறை இருந்தாலும் அதில் உடனே தெரிந்துவிடும்.

புது டயர் ஏன் முதலில் வழுக்குகிறது?

புது டயர் என்றால் முதல் நாளிலிருந்தே நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, இட்லி ஒட்டாமல் வரத் தட்டில் எண்ணெய் தடவுகிற மாதிரி, டயர் அச்சிலிருந்து ஒட்டாமல் வர ஒரு வழுவழுப்பான பூச்சு பூசுவார்கள். அது தேய்ந்து போகும் வரை பிடிப்பு குறைவாக இருக்கும். அதனால் முதல் 100, 200 கிலோமீட்டராவது நிதானமாக ஓட்டச் சொல்கிறார்கள்.

இரண்டு, புது டயரின் வரிப்பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பள்ளங்களுக்கு நடுவில் நிற்கும் ரப்பர் கட்டைகள் உயரமாக இருப்பதால் வளைவில் அவை அசையும். உங்கள் புது அழிரப்பரை நெட்டுக்குத்தலாக நிறுத்திப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், வளையும். தேய்ந்துபோன குட்டி ரப்பர் வளையாது. அதே மாதிரிதான் இதுவும். இதனாலேயே காய்ந்த பாதையில் ஓட்டும் பந்தயக்காரர்கள் சிலர் புது டயரைச் செதுக்கி உயரத்தைக் குறைத்து மாட்டுவது உண்டு.

அப்படியென்றால் தேய்ந்த டயரே நல்லதா என்று கேட்காதீர்கள். மழை வந்தால் கதை மாறிவிடும். ரோட்டில் நிற்கிற தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து டயரை மேலே தூக்கிவிடும். அப்புறம் கார் ரோட்டில் ஓடாது, தண்ணீர் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது, பிரேக் போட்டாலும் நிற்காது.

முன்னே பழசு, பின்னே புதுசு

மழை நாளில் ஒரு காலில் புதுச் செருப்பும் இன்னொரு காலில் தேய்ந்த செருப்பும் போட்டு ஓடினால் என்ன ஆகும்? எந்தக் கால் வழுக்குகிறதோ அதுதான் நம்மைக் கீழே தள்ளும். இன்னொரு கால் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் பிரயோஜனம் இல்லை. காரும் அப்படித்தான்.

ஜெர்மனியின் போர்ஷே 911 காரை எடுத்துக்கொள்வோம். 1963-இல் முதலில் காட்சிக்கு வந்த கார். இதில் என்ஜின் பின்பக்கம் இருக்கும். பின்னால் எடை அதிகம் என்பதால் இப்போது வரும் 911 கார்களில் பின் டயர்கள் முன் டயர்களைவிட அகலமானவை. 2019-இல் வந்த கரேரா மாடலில் முன் டயரின் அகலம் 235 மில்லிமீட்டர், பின் டயரின் அகலம் 295 மில்லிமீட்டர். முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னால் மாட்டவே முடியாது. பின் சக்கரம்தான் காரைத் தள்ளுகிறது என்பதால் பின் டயர்கள் சீக்கிரம் தேயும். எனவே நிறையப் பேர் பின் டயர்களை மட்டும் மாற்றுவார்கள்.

அப்போது பின்னால் புது டயர், முன்னால் பழைய டயர். வளைவில் முன் சக்கரங்கள் முதலில் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகப் போகப் பார்க்கும்.

முன்னால் புதிது, பின்னால் தேய்ந்தது என்றால் இதற்கு நேர்மாறு. முன்பக்கம் டக்கென்று திரும்பும், பின்பக்கம் வழுக்கி வெளியே வரும். கார் பம்பரம் மாதிரி சுற்றிவிடும்.

தேய்மானம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கம் மிருதுவான ரப்பர், இன்னொரு பக்கம் கெட்டியான ரப்பர் என்று இருந்தாலும் இதே தொல்லைதான். அதனால்தான் போர்ஷே கம்பெனி தன் காருக்கு ஏற்ற டயர்களில் ‘என்’ என்ற எழுத்தையும் ஓர் எண்ணையும் போடச் செய்கிறது. நான்கிலும் ஒரே குறியீடு இருக்கிற மாதிரி பார்த்து வாங்க வேண்டும்.

ரெண்டு டயருக்குத்தான் காசு இருந்தால்?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எங்க அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். எங்கள் கடைக்கு போர்ஷே எல்லாம் வராது. வாடகைக் கார்தான் வரும். மழைக்காலத்துக்கு முன்னால் வருகிறவர்களில் பாதிப் பேர், “அண்ணே, ரெண்டு டயருக்குத்தான் காசு இருக்கு, முன்னாடி மாட்டிவிடுங்க” என்பார்கள். அப்பா, “பின்னாடி மாட்டிக்கங்க தம்பி” என்பார்.

உடனே, “திரும்புறது முன் சக்கரம், இழுக்குறதும் முன் சக்கரம், புதுச பின்னாடி எதுக்கு?” என்று கேட்பார்கள். பின்னால் இருக்கும் பழைய டயரைக் கழற்றி முன்னால் மாட்ட வேண்டுமே, அந்தக் கூலிக்காகத்தான் சொல்கிறார் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்பா அந்த வேலைக்குக் காசு வாங்குவதில்லை. அவர் சொல்வது இதுதான்: “முன்னாடி வழுக்குனா உங்க கைக்குத் தெரியும். பின்னாடி வழுக்குனா, தெரியறதுக்குள்ள வண்டி திரும்பி நிக்கும்.”

அறிவியல்படியும் இது சரி. முன் சக்கரம் வழுக்கினால் பயத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்போம். அப்போது எடை முன்பக்கம் சாயும். முன் டயர்கள் ரோட்டில் நன்றாக அழுந்தும், பிடிப்பு திரும்பிவரும். ஆனால் பின் சக்கரம் வழுக்கும்போது காலை எடுத்தால், பின்னால் இருக்கிற கொஞ்ச எடையும் முன்னால் போய்விடும். வழுக்கல் இன்னும் அதிகமாகும். பழைய 911 கார்கள் இதற்குப் பேர்போனவை. அதைச் சமாளிக்க பந்தய வீரருக்குத் தெரியும், வாடகைக் கார் ஓட்டும் அண்ணனுக்கு அந்தப் பயிற்சி ஏது? மிஷலின் போன்ற டயர் கம்பெனிகளும், எந்தச் சக்கரம் இழுக்கும் கார் என்றாலும் புது ஜோடியைப் பின்னால் மாட்டு என்றுதான் சொல்கின்றன. அதற்காக முன்னால் மொட்டை டயர் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. நான்கையும் மாற்றுவதுதான் நல்லது.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு சைக்கிளுக்கும் பைக்குக்கும் பொருந்தாது. இரண்டு சக்கர வண்டியில் முன் சக்கரம் வழுக்கினால் உடனே கீழே விழுவோம்.

ஒரு சின்னக் கணக்கு

நிஸான் ஜிடி-ஆர் போன்ற கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் விசை போகும். அதில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால்? புது டயரின் ஆரம் 330 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லிமீட்டர் தேய்ந்ததன் ஆரம் 325. சுற்றளவு 2 × 22/7 × ஆரம். புதியது சுமார் 2074 மில்லிமீட்டர், பழையது சுமார் 2043 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓட புது டயர் சுமார் 482 முறை சுற்றும், பழைய டயர் சுமார் 489 முறை சுற்றும். கிலோமீட்டருக்கு 7 சுற்று வித்தியாசம்! நேர் ரோட்டில்கூட உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் இந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சூடாகித் தேய்ந்து, டயர் விலையைவிடப் பெரிய செலவு வந்து நிற்கும்.

இன்றைக்கே பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் காரோ, நீங்கள் வருகிற வேனோ, டயர் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மேட்டின் அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். கார் டயரில் அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர்.

2. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும்.

3. இடது, வலது டயர்கள் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானமா? இல்லையென்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பார்த்துவிட்டு, ஓட்டுகிற அண்ணனிடமோ மாமாவிடமோ மரியாதையாகச் சொல்லுங்கள். “சின்னப் பொண்ணு உனக்கு என்ன தெரியும்” என்று சிரித்தால் இந்தப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் காட்டிவிட்டால் ரொம்ப நல்லது.



— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி