பரணில் கிடக்கிறதா மாங்காய்ப் பூட்டு?

நத்தம் பக்கத்தில் மாங்காய் என்றால் தோப்புதான் நினைவுக்கு வரும். திண்டுக்கல் பட்டறைகளிலோ அது ஒரு பூட்டின் பெயர். மாங்காய் வடிவத்தில், கையாலேயே செய்கிற பூட்டு. உள்ளே அடுக்கடுக்காக லீவர் தகடுகள். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும். அந்தப் பற்களை அரத்தால் ராவி எடுப்பதில்தான் கைத்திறனே இருக்கிறது. சாவியைத் திருப்பினால் மணியடிக்கும் பூட்டும் உண்டு. திருடனுக்கு இதைவிடத் தொல்லை வேறென்ன?

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

நேயர்களே, பரணில் பழைய பூட்டு கிடந்தால் இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் விட்டுத் துடைத்துப் பாருங்கள். பட்டறையின் முத்திரை தெரியலாம்.