டியூப்லைட் என்று கூப்பிடும் வகுப்பு

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று பாடம் வாசிக்கிறான். 'கொடி' என்ற சொல் வருகிறது. ஒற்றைக்கொம்பைப் பிடித்துக்கொண்டவன் துணைக்காலைக் கோட்டைவிட்டு 'கெடி' என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. மதிய இடைவேளைக்குள் பட்டப்பெயர் தயார்: டியூப்லைட்.

அவன் மக்கு இல்லை. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைப்பதுதான் சிரமம். வாய்க்கணக்கிலோ கதை சொல்வதிலோ அவர்களில் பலர் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கேலி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஆசிரியர் கண் முன்னேதான். எல்லோர் முன்பும் சத்தமாக வாசிக்கச் சொல்வது, மதிப்பெண்ணைப் படித்துக்காட்டி விடைத்தாள் கொடுப்பது, "உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?" என்பது. பிள்ளைகள் அந்தக் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு விளையாட்டுத் திடலுக்குப் போகிறார்கள். மாணவருக்கு மன உளைச்சல் தருவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் வாய்ச்சொல்லை யாரும் தண்டனையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே முதலில் மாற வேண்டியது வகுப்பின் வழக்கம். வாசிக்கவேண்டிய பத்தியை முந்தின நாளே அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் இருவராகச் சேர்ந்து வாசிக்க வைக்கலாம். விடைத்தாளை மடித்துக் கொடுக்கலாம். காசு செலவில்லாத வேலைகள் இவை. அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள்; அந்தப் பெயர்களே திட்டும் சொல்லாகிவிடாமலும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது, வேடிக்கை பார்ப்பவர்கள். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' என்ற கேலித் தடுப்புத் திட்டம் இவர்களைத்தான் குறிவைக்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் கேலி செய்பவனுக்கு அதில் சுவாரசியம் போய்விடும். "சிரிக்காதே" என்பதோடு நிற்காமல், "அவனையும் ஆட்டத்துக்குக் கூப்பிடு" என்று செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்லிக்கொடுங்கள்.

கேலி செய்தவரையும் கேலிக்கு ஆளானவரையும் எதிரெதிரே நிறுத்தி, கை கொடுக்கச் சொல்லி முடித்துவிடும் பழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளை பயந்துபோய்த் தலையாட்டும், அவ்வளவுதான். தனித்தனியாகப் பேசுங்கள், ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளையிடம் மறுபடி கேளுங்கள்.

பெற்றோருக்கு: காலையில் வயிற்றுவலி, கிழிந்த நோட்டு, வேனில் ஏற மாட்டேன் என்ற அடம் அடிக்கடி வந்தால் விசாரியுங்கள். என்ன சொன்னார்கள், எங்கே, எந்த நாள் என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். குறைபாட்டைக் கண்டறிய, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்க்கலாம். பள்ளி அசையவில்லையென்றால் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய இரண்டு உதவி எண்களும் இருக்கின்றன.