எண் ஒன்றுதான், பழுது வேறு வேறு: ஆன்டிவைரஸ் பிழைச் செய்தியை எப்படிப் படிப்பது?

விண்டோஸ் கணினி உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் புகார் இது. ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தைத் திறந்தால், விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் பெயருக்குக் கீழே ‘இன்ஸ்டால் எரர்’ என்று நிற்கிறது. பக்கத்தில் பூஜ்யம், எக்ஸ், அதற்குப் பின் 80070643 என ஒரு நீள எண். ‘ரீட்ரை’ பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் சுற்றிவிட்டு மீண்டும் அதே எண். மறுநாள் திறந்தாலும் அதேதான். கடையில் கேட்டால், “ஃபார்மட் பண்ணிடலாம் சார்” என்று பதில் வருகிறது. இணையத்தில் தேடினால், ஒரே கிளிக்கில் சரிசெய்வதாகச் சொல்லும் மென்பொருள் விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன.

பலர் பயந்துபோய் கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். இன்னும் பலர் சலித்துப்போய் அந்தப் பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. இந்தப் பிழையைப் புரிந்துகொள்ள ஒரு சாவி இருக்கிறது: பிழை எண்ணைத் தேடாதீர்கள், அதற்கு மேலே ‘கேபி’ என்று தொடங்கும் இன்னொரு எண் இருக்கும், அதைப் பாருங்கள்.

80070643 என்ன சொல்கிறது?

விண்டோஸின் பிழை எண்கள் பதினாறின் அடிமானத்தில் எழுதப்படுபவை. முன்பகுதியான 8007, ‘விண்டோஸின் பொதுவான பிழைப் பட்டியலில் தேடு’ என்கிறது. பின்பகுதியான 643ஐ நம் வழக்கமான பத்தின் அடிமானத்துக்கு மாற்றினால் 1603 வரும். பட்டியலில் 1603க்கு எதிரே இருப்பது ஒரே ஒரு தகவல்தான்: நிறுவும்போது சரிசெய்ய முடியாத பிழை நேர்ந்தது.

எதை நிறுவும்போது, ஏன் என்பதெல்லாம் அதில் இல்லை. மருத்துவரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்வதற்கு ஒப்பானது இது. டிஃபெண்டர் தடுமாறினாலும் இந்த எண் வரலாம். ‘டாட் நெட்’ அப்டேட் நின்றுபோனாலும் இதே எண் வரலாம். அதனால்தான் பிழை எண்ணை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு ஒன்றோடொன்று ஒட்டாத நூறு வைத்தியங்கள் கிடைக்கின்றன. இன்னொருவர் கணினியில் பலித்த வழி உங்கள் கணினியில் பலிக்காமல் போவதும் அதனால்தான்.

கேபி எண்ணைக் காண, ‘செட்டிங்ஸ்’ போய் ‘விண்டோஸ் அப்டேட்’டுக்குள் ‘அப்டேட் ஹிஸ்டரி’யைத் திறக்க வேண்டும். வெற்றி பெற்றவை, தோற்றவை எல்லாம் தேதியோடு அங்கே இருக்கும். வீட்டுக் கணினிகளில் இந்தப் பிழையோடு அதிகம் காணப்படும் மூன்று நிலைமைகளைத் தனித்தனியே பார்ப்போம்.

முதல் நிலை: கேபி 2267602

இது டிஃபெண்டரின் வைரஸ் அடையாளக் கோப்பு. புதிதாகக் கண்டறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களை மைக்ரோசாஃப்ட் ஒரு நாளில் பல முறை வெளியிடுகிறது. அத்தனைக்கும் கேபி எண் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பதிப்பு எண் மட்டும் மாறும். எனவே நேற்றுத் தோற்ற அப்டேட்டும் இன்று தோற்றதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒரே அப்டேட் பல நாளாக மாட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும்.

இந்தக் கோப்பு கணினிக்கு வர ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. விண்டோஸ் அப்டேட் ஒரு வழி. டிஃபெண்டர் தானாகவே தேடி இறக்கிக்கொள்வது இன்னொரு வழி. ஒன்றில் தோற்றது மற்றொன்றில் ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது டிஃபெண்டரின் சொந்தப் பக்கம். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்’ஸை அழுத்துங்கள். கடைசியாக அடையாளக் கோப்பு எப்போது வந்தது என்று தேதியும் நேரமும் காட்டும். அது இன்றோ நேற்றோ என்றால் உங்கள் பாதுகாப்பில் ஓட்டையில்லை. அப்டேட் பக்கத்தில் நிற்பது பழைய செய்தி.

தேதி ஒரு வாரத்துக்கும் பின்னால் இருந்தால்தான் வேலை தொடங்குகிறது. எளிதானதிலிருந்து கடினமானதை நோக்கிப் போகும் வரிசை இது:

1. கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ‘ஷட்டவுன்’ செய்து திறப்பது இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8இல் இருந்து வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கினால், ஷட்டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்பகுதி அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு அடுத்த முறை எழுப்பப்படுகிறது. தடுமாறிய நிலையும் கூடவே எழுகிறது. ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

2. தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பழைய டெஸ்க்டாப்களில் மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், கரன்ட் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது மைக்ரோசாஃப்ட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும், தொடர்பே கிடைக்காது. மலிவான அந்த பேட்டரியை மாற்றினால் தீரும் பழுதுக்கு முழுக் கணினியையும் ஃபார்மட் செய்தவர்கள் உண்டு.

3. ‘சி’ டிரைவில் இடம் இருக்கிறதா, இணையத் தொடர்பு ‘மீட்டர்டு’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் டேட்டா மிச்சம் பிடிக்க அப்படிக் குறித்து வைப்பது வழக்கம். அந்தக் குறி இருந்தால் அப்டேட்கள் தாமாக வராமல் போகலாம்.

4. வேறு ஆன்டிவைரஸின் மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். இதை அடுத்து விரிவாகப் பார்ப்போம்.

5. இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால், மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு இணையப் பக்கத்தில் அடையாளக் கோப்பைக் கையால் இறக்கிக்கொள்ளலாம். 32 பிட், 64 பிட், ஏஆர்எம் என்று மூன்று வகை இருக்கும். உங்கள் கணினிக்குரியதை இறக்கி, இரண்டு முறை கிளிக் செய்தால் போதும். பிறகு மீண்டும் ‘புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ்’ பக்கத்தில் தேதி மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு காவலர்

புதிய லேப்டாப்களில் சில மாதங்களுக்கு இலவசம் என்று ஏதேனும் ஒரு ஆன்டிவைரஸ் ஏற்றப்பட்டே வருகிறது. கணினி வாங்கும்போது கடையில் போட்டுக்கொடுப்பதும் உண்டு. சென்னையைச் சேர்ந்த கே7, புனேவைச் சேர்ந்த குவிக் ஹீல், வெளிநாட்டு நார்ட்டன், மெக்காஃபி என எதுவானாலும் விதி ஒன்றுதான்: வேறு ஆன்டிவைரஸ் தன்னைப் பதிவு செய்துகொண்டதும், வீட்டு விண்டோஸில் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து சோதித்தால் கணினி திணறும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

சந்தா முடிந்த பிறகோ, அரைகுறையாக நீக்கிய பிறகோதான் சிக்கல். மென்பொருள் போய்விட்டாலும் அதன் டிரைவர்களும் பதிவுகளும் உள்ளே தங்கிவிடலாம். டிஃபெண்டர் திரும்பி வர முயலும். அந்த மிச்சம் வழிமறிக்கும். ‘கன்ட்ரோல் பேனல்’ வழியே நீக்கினால் மட்டும் இது போகாது. பெரும்பாலான ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை வேரோடு அகற்றவென்றே தனிக் கருவியை இலவசமாகத் தருகின்றன. அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் இறக்கி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தால் டிஃபெண்டர் தன் இடத்துக்கு வரும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸையே தொடரப்போகிறீர்கள் என்றால் டிஃபெண்டரின் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்த மென்பொருளின் சந்தாவும் அடையாளக் கோப்பும் நடப்பில் உள்ளனவா என்பதை மட்டும் பாருங்கள்.

இரண்டாம் நிலை: கேபி 5034441

2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அப்டேட் இது. உலகெங்கும் ஏராளமான வீட்டுக் கணினிகளில் இதே 80070643ஐக் கிளப்பியது. இதற்கும் ஆன்டிவைரஸுக்கும் சம்பந்தம் இல்லை. கணினி எழாமல் போனால் மீட்டெடுப்பதற்கென்று வட்டில் ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அதில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையை அடைக்க வந்தது இந்த அப்டேட். கணினியைக் கையில் எடுத்துவிட்ட ஒருவர், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் காவலைத் தாண்டிவிட முடியும் என்பதுதான் அந்தக் குறை.

அப்டேட் உட்கார மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடம் தேவை. பல கணினிகளில் அந்தப் பகுதியில் அவ்வளவு காலியிடம் இல்லை. ‘இடம் போதவில்லை’ என்று செய்தி வந்திருந்தால் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பிழையைக் கையாளும் நிரலில் இருந்த குறையால், இடப் பற்றாக்குறை என்ற உண்மைக் காரணம் மறைந்து பொதுவான 80070643 வெளியே வந்தது. இதை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. மீட்புப் பகுதியே இல்லாத கணினிகளுக்கு இந்த அப்டேட் தேவையில்லை, பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் சொன்னது. தானாகச் சரியாகும் வழி வரும் என்று காத்திருந்தவர்களுக்கு, அப்படி ஒன்று வராது என்ற பதில் பின்னர் கிடைத்தது.

வட்டின் பகுதிகளைச் சுருக்கி இடம் உண்டாக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு கட்டளை தவறினால் படங்களும் ஆவணங்களும் போய்விடும். முழு பேக்கப் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. பிட்லாக்கர் பயன்படுத்தாத வீட்டு டெஸ்க்டாப்பில் இந்தச் சிகிச்சைக்காக அவ்வளவு ஆபத்தை ஏற்பதில் அர்த்தமில்லை.

மூன்றாம் நிலை: பழுதே இல்லாத பிழை

2025 ஏப்ரலில் கதை இன்னொரு படி போனது. மீட்புப் பகுதிக்கு வந்த கேபி 5057589 என்ற அப்டேட் சில விண்டோஸ் 10 கணினிகளில் மறுபடி அதே எண்ணைக் காட்டியது. இம்முறை மைக்ரோசாஃப்ட் சொன்னது: காட்டப்படும் பிழைச் செய்தி சரியானதல்ல, அப்டேட்டுக்கோ கணினியின் செயல்பாட்டுக்கோ இதனால் பாதிப்பு இல்லை. ஆக, ஒரே எண் ஓரிடத்தில் நிஜப் பழுது, இன்னோரிடத்தில் இடப் பற்றாக்குறை, மற்றோரிடத்தில் வெறும் பொய்ச் செய்தி.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. எனினும் அதில் இயங்கும் டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரை அடையாளக் கோப்புகள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துள்ளது. வைரஸ் அடையாளம் வருவது இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைக்காது. அதற்கு மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும், அல்லது புதிய பதிப்புக்கு மாற வேண்டும்.

அதே வைரஸ் திரும்பத் திரும்ப வந்தால்?

அப்டேட் பிழையோடு மக்கள் போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, நீக்கிய வைரஸே நாள்தோறும் மீண்டும் காட்டப்படுவது. இதற்கு மூன்று காரணங்களைப் பார்க்கலாம். ‘ஜிப்’ கோப்புக்குள்ளோ பேக்கப் டிஸ்கிலோ அதன் நகல் இருக்கலாம். ஏதோ ஒரு நிரல் அதைத் திரும்ப உருவாக்கிக்கொண்டிருக்கலாம். டிஃபெண்டரின் பழைய பதிவே மறுபடி கண்ணில் படலாம்.

நம் ஊர்க் கணினிகளில் இரண்டாவது காரணத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். திருட்டு விண்டோஸையும் ஆஃபீஸையும் ‘ஆக்டிவேட்’ செய்யும் கருவி, தன்னைக் குறிப்பிட்ட நேரத்தில் இயக்க ஒரு அட்டவணையை உள்ளே வைத்துவிட்டுப் போகிறது. டிஃபெண்டர் நீக்க, அட்டவணை மறுபடி கொண்டுவர, எச்சரிக்கை ஓயாது. அதைத் தீர்க்க ஒரே வழி அந்தத் திருட்டு மென்பொருளை அகற்றுவது. ‘அல்லவ்’ கொடுத்து எச்சரிக்கையை வாயடைப்பது தீர்வாகாது. சந்தேகம் தீரவில்லை என்றால் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ ஓட்டுங்கள். விண்டோஸ் எழும் முன்பே சோதனை நடப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் தீநிரல் ஒளிய முடியாது. சுமார் கால் மணி நேரம் பிடிக்கும்.

பிழை உங்கள் பக்கமே இல்லாத நாட்களும் உண்டு. 2022 செப்டம்பர் 4 அன்று டிஃபெண்டரின் தவறான அடையாளம் ஒன்று, குரோம் போன்ற அன்றாட மென்பொருள்களைத் திறக்கும்போதெல்லாம் ‘ஹைவ்’ என்ற பெயரில் அபாய எச்சரிக்கை எழுப்பியது. திருத்திய அடையாளக் கோப்பு வந்ததும் அடங்கியது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் அடையாளக் கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸாக எண்ணி முடக்கியது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. நம்பகமான மென்பொருள் பலவற்றின் மீது ஒரே நாளில் எச்சரிக்கை வந்தால் எதையும் அழிக்காமல், முதலில் அடையாளக் கோப்பைப் புதுப்பிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

பிழை எண்ணைத் தேடும்போது வரும் ‘ரிப்பேர்’ மென்பொருள்களை இறக்காதீர்கள். அவற்றில் சில, தாமே தீநிரல்கள். திரையில் தொலைபேசி எண் காட்டி, ‘உடனே அழையுங்கள்’ என்று அலறும் சாளரம் மைக்ரோசாஃப்டுடையது ஆகாது. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. ‘எனிடெஸ்க்’ போன்ற செயலியைப் போடச் சொல்லிக் கணினியின் கட்டுப்பாட்டைக் கேட்பவரிடம் பேச்சைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் மூன்றைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: தோற்ற அப்டேட்டின் கேபி எண், அடையாளக் கோப்பின் கடைசித் தேதி, விண்டோஸின் பதிப்பு. இவை மூன்றும் இருந்தால் எந்த வகைப் பழுது என்று பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். இவற்றைப் பார்க்காமலேயே ஃபார்மட் என்று தொடங்குகிறவரிடம் கணினியை விட்டுவிட்டு வர வேண்டாம். ஃபார்மட் செய்த பிறகும் மீட்புப் பகுதி அதே அளவில்தான் இருந்தால், அதே எண் அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கும்.